சாணி மெழுகின தரையும் குனிஞ்சு மெழுகின கைகளும்

பட்டணத்தில் வீடு கட்டுகிறவர்கள் இப்போது வீட்டுக்குள்ளே எல்லாம் இயற்கையாக இருக்கணும் என்கிறார்கள். மூங்கில் விளக்கு, கோரைப்பாய், சணல் திரை, மூலையில் ஒரு மண்பானை. நல்லதுதான். ஆனால் இதெல்லாம் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே எடுத்து வெளியே வைத்துவிடலாம். தரையை அப்படி எடுக்க முடியாது. வீட்டுக்குள்ளே ரொம்ப இடத்தை அடைக்கிற சாமான் எது என்று கேட்டால் நான் தரையைத்தான் சொல்லுவேன். அதனால் தரையின் கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்துக் கதைதான். எங்கள் பக்கம் என்றால் சிவகங்கை, காரைக்குடி, புதுக்கோட்டை சுற்றுவட்டாரம். செம்மண்ணும் கண்மாயும் உள்ள ஊர்கள்.

நாற்காலியும் கட்டிலும் மேசையும் சாதாரண சம்சாரி வீட்டுக்குள் நுழைந்து ரொம்பக் காலம் ஆகவில்லை. அதுக்கு முன்னாடி வீட்டில் இருந்த சாமான்களை யோசித்துப் பாருங்கள். சுவரில் விளக்கு வைக்க மாடக்குழி. மோர், தயிர் வைக்க விட்டத்தில் இருந்து தொங்குகிற உறி. துணி போட ஒரு கொடிக்கயிறு. மேலே பரண். மூலையில் நெல் கொட்டுகிற குதிர், அதுவும் மண்ணில் செய்தது. பாயைச் சுருட்டி நிறுத்திவிட்டால் வீடு காலி. மிச்சம் இருப்பது தரைதான். உட்கார்ந்தது, சாப்பிட்டது, படுத்தது, பிள்ளை பெற்றது, கடைசியில் உயிர் போனது எல்லாம் அதில்தான். அதனால்தான் அந்தத் தரைக்கு அவ்வளவு பார்த்தார்கள்.

மண் தரை என்றால் சும்மா மண்ணைக் கொட்டி மிதித்தது என்று நினைக்கக் கூடாது. மழைத் தண்ணி உள்ளே வராதபடி வீட்டை முதலில் உசத்தணும். அடியில் சரளை. அதுக்கு மேலே செம்மண்ணைப் போட்டு, தண்ணி தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்கணும். ஒரே நாளில் மொத்தமாகப் போட்டு இடித்தால் மேலே இறுகும், அடியில் இறுகாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டு இடிக்கணும். மேல்பூச்சுக்குக் கரையான் புத்து மண் கொண்டுவருவார்கள். கரையான் எச்சில் சேர்த்துக் கட்டின மண், சல்லடையில் சலித்த மாதிரி நைசாக இருக்கும், நல்லாப் பிடிக்கும். மஞ்சள் பூசிச் சாமி கும்பிடுகிற புத்தை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். வேறு புத்தைத் தேடித்தான் போகணும். இந்தப் பூச்சு காய்ந்த பிறகு சாணி.

சாணி எதுக்கு என்று கேட்டால் சாமி காரியம், கிருமிநாசினி என்று நிறையப் பேர் சொல்லுவார்கள். நான் சம்சாரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன். மண் காய்ந்தால் வெடிக்கும். சாணிக்குள் மாடு செரிக்காமல் விட்ட வைக்கோல் நார் இருக்கிறது. அந்த நார்தான் மண்ணை வெடிக்க விடாமல் பிடித்து வைக்கும், புழுதியையும் அடக்கும். அதுக்குச் சாணி புதுசாக இருக்கணும், மாடு வைக்கோலும் புல்லும் தின்றதாக இருக்கணும். தவிடும் தீவனமும் தின்கிற கறவை மாட்டுச் சாணி இளகலாக இருக்கும், நார் குறைவு. அதில் மெழுகினால் தரை பொருக்குப் பொருக்காகக் கிளம்பும்.

எங்கள் வீட்டில் அப்பத்தா செவ்வாயும் வெள்ளியும் மெழுகும். நல்ல நாள், கெட்ட நாள், விருந்து, சாவு என்றால் அது தனிக் கணக்கு. வருஷத்துக்கு 100 தடவைக்குக் குறையாது. கொட்டாங்கச்சிக் கரியை அரைத்துச் சாணியோடு கலந்தால் தரை கறுப்பாகப் பளபளக்கும். பச்சிலையை இடித்து ஊற்றினால் பச்சை. சுவர் ஓரமாக ஒரு கை அகலத்துக்குக் கறுப்புக் கரை விட்டு நடுவில் பச்சையாக மெழுகுவதும் உண்டு. அதுக்கு மேலே அரிசிமாவுக் கோலம் போட்டால் இன்றைக்குப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். ஒரு விஷயம் மட்டும் சொல்லணும். டார்ச் லைட் ஊருக்கு வந்த பிறகு, தீர்ந்துபோன பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கிற கறுப்புப் பொடியைச் சாணியில் கலந்தார்கள். கரி அரைக்கிற வேலை மிச்சம், நிறமும் நல்லா வரும். அந்தப் பொடி கரியும் மாங்கனீசும் கலந்த ரசாயனம். அதைக் கையால் பிசைந்து, பிள்ளைகள் தவழுகிற தரையில் பூசினார்கள். பழசு எல்லாம் இயற்கை என்று பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள். மண்பானை, மண் சட்டியை எல்லோரும் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து ராமநாதபுரம் ஜில்லாவில், சிவகங்கையும் காரைக்குடியும் அதில்தான் சேர்ந்திருந்தன, 1930ல் ஆதிக்க சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்கிற வரிசையில், வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி இதை எழுதி வைத்திருக்கிறார். பித்தளைக் குடம் ஒன்று வைத்ததற்காக அடி வாங்கின காலம். அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை இன்றைக்கு எவர்சில்வரும் கிரானைட்டும் வாங்கினால் அதைப் பார்த்து 'ஐயோ இயற்கையை விட்டுட்டாங்களே' என்று வருத்தப்பட எனக்கு மனசு வராது.

இதே ஜில்லாவில்தான், இதே காலத்தில், செட்டிநாட்டு வீடுகளும் எழுந்தன. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் தாண்டிக் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் 1800களின் கடைசியில் இருந்து 1930கள் வரைக்கும் கட்டினவை. தேக்கு பர்மாவில் இருந்து, பளிங்கு இத்தாலியில் இருந்து, பூப்போட்ட ஓடு ஜப்பானில் இருந்து, எல்லாம் கப்பலில் வந்தது. சுவர் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. சுக்கான் கல்லையும் கிளிஞ்சலையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மாடு கட்டின செக்கில் மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணி விட்டுப் பதமாக்குவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நூறு வருஷம் கழித்தும் கை வைத்தால் வழுவழு என்று இருக்கும், வெயில் காலத்தில் குளிர்ச்சி.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு கணக்கு. சுண்ணாம்புக் கல் வேக 900 டிகிரி சூடு போதும். சிமெண்டுக்கு 1450 டிகிரி வரைக்கும் போகணும். அதோடு பூசின சுண்ணாம்பு இறுகுவதே காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான். சுடும்போது போன வாயுவில் ஒரு பங்கைச் சுவர் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தச் சூளைக்கு எரிந்தது எங்கள் பக்கத்துக் காட்டு விறகு, அதையும் கணக்கில் வைக்கணும்.

ஆத்தங்குடிக் கல் இந்த வீடுகளோடு வந்ததுதான். வெளிநாட்டில் இருந்து வந்த பூப்போட்ட தரைக்கல்லைப் பார்த்து இங்கேயே செய்யலாமே என்று ஆரம்பித்தது. இதை மண் ஓடு, சுட்ட கல் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சிமெண்ட். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கலர் கலந்த சிமெண்டுப் பாலைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, சில நாள் தண்ணித் தொட்டியில் ஊறவைத்துக் காய வைப்பார்கள். கண்ணாடி வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் இருந்த முகம் பளபளப்பாக இருக்கும். சூளை கிடையாது, எரிக்கிறது கிடையாது. கையும் வெயிலும் தண்ணியும்தான். மணலும் அந்தப் பக்கத்து மணல். ஆகவே நல்ல கல்தான், ஆனால் சிமெண்ட் இல்லாத கல் இல்லை. வாங்குகிறவர்கள் தெரிந்து வாங்கட்டும்.

சிமெண்டுக் கதைக்கு வருவோம். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்கிறவர் 1824ல் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் சிமெண்ட் செய்துபார்த்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904ல் சென்னையில் நடந்தது. கடல் சிப்பியை வைத்துச் செய்தார்கள், நிலைக்கவில்லை. 1914ல் குஜராத் போர்பந்தரில் ஓட ஆரம்பித்த ஆலைதான் நிலைத்தது. நம் பக்கம் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆலை வந்தால் மூட்டை வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1982 வரைக்கும் சிமெண்டுக்கு முழுக் கட்டுப்பாடு. எத்தனை மூட்டை, என்ன விலை என்று அரசாங்கம் சொல்லும், பெர்மிட் வேணும். அந்த வருஷம் பாதி கட்டுப்பாட்டை எடுத்தார்கள், 1989ல் முழுசாக எடுத்தார்கள். நகரத்து வீடுகளுக்குச் சிமெண்ட் பழசு. கிராமத்துச் சம்சாரி வீட்டுக்குள் சிமெண்ட் தரை பரவலாக நுழைந்தது இதுக்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டு முன்கட்டில் 1984ல் போட்டார்கள். காவித் தரை. அடியில் ஜல்லிக் கலவை போட்டு இடித்து, மேலே சிமெண்டும் மணலும் பூசி, ஈரம் காய்கிறதுக்கு முன்னாடி காவிப் பொடி கலந்த சிமெண்டை ஊற்றிக் கரண்டியால் இழுத்து இழுத்துத் தேய்ப்பார் கொத்தனார். ரெட் ஆக்சைடு என்று இப்போது சொல்கிறார்கள், வெறும் இரும்புத் துருவின் நிறம்தான் அது. ஒரு அறையை ஆரம்பித்தால் முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, நடுவில் நிறுத்தினால் கோடு விழும். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வைத்து முடித்தார்கள். பிறகு மண்ணால் வரப்புக் கட்டி ஒரு வாரம் தண்ணி நிறுத்தினோம், வயலுக்குக் கட்டுகிற மாதிரி. காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கணும். நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதேதான் கிடக்கிறது. ரெண்டு இடத்தில் மயிர் மாதிரி வெடிப்பு இருக்கிறது, அதனால் என்ன.

தரை போட்டு முடிந்த அன்றைக்கு அப்பத்தா என்ன செய்தது என்று சொல்லணும். பழசு போச்சே என்று அழுததாக எழுதினால் படிக்க நல்லா இருக்கும். அப்படி நடக்கவில்லை. தண்ணியை வடித்த மறுநாள் ஒரு ஈரத்துணியை எடுத்து ஒரு தடவை துடைத்தது. அவ்வளவுதானா என்று கேட்டது. அவ்வளவுதான் என்றோம். முந்தானையை விரித்துப் பட்டப்பகலில் நடுக்கூடத்தில் படுத்துத் தூங்கியது. அது பகலில் படுத்து நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. 40 வருஷத்துக்கு மேலே வாரம் ரெண்டு நாள், விடியுமுன்னே சாணி பொறுக்கி, தண்ணி சுமந்து, முட்டி போட்டுக் குனிந்து அரைவட்டம் அரைவட்டமாக மெழுகின உடம்பு அது. வலது கை நகம் எல்லாம் தேய்ந்து மழுங்கி இருக்கும். மழைக்காலத்தில் தரை காயாது, ஈரத்திலேயே படுத்து இடுப்புப் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு வேலைக்கும் கூலி கிடையாது.

எங்கள் மகள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். மெக்சிகோ நாட்டில் கோவாவிலா என்கிற மாநிலத்தில் 2000ல் அரசாங்கமே ஏழை வீடுகளின் மண் தரையை மாற்றிச் சிமெண்ட் போட்டுக் கொடுத்ததாம். பொருளாதார நிபுணர்கள் பிறகு போய்ப் பார்த்தார்கள். வீடு முழுக்கச் சிமெண்ட் போட்ட இடத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சி முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது, வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகியிருந்தது. அம்மாக்களுக்கு மனக்கவலை குறைந்து, வாழ்க்கையில் திருப்தி கூடியிருந்தது. அப்பத்தா தூங்கினதை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் இந்தக் கடைசி விஷயம் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பெண்கள் விட்டதால் மட்டும் மெழுகுவது போகவில்லை. மாடும் போனது. உழவுக்கு டிராக்டர் வந்தபிறகு காளையை விற்றார்கள். பாலுக்குக் கலப்பினக் கறவை வந்தது, அதன் சாணி மெழுகலுக்கு ஆகாது என்று முன்னாடியே சொன்னேன். எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கு ஒரு ஜோடி உழவுமாடு நிற்கும். இப்போது தெருவுக்கே ரெண்டு தொழுவம். சாணி தெருவில் கிடந்தபோது தரை இனாம். இப்போது சாணியைத் தேடிப் போகணும் என்றால் அது இனாம் தரை இல்லை.

நடுவில் மொசைக், கடப்பா கல் என்று சிலது வந்தன. மொசைக் நல்ல தரை. பளிங்குச் சில்லை சிமெண்டில் போட்டு, மிஷின் வைத்து அரைத்து மெருகேற்றினது, மங்கினால் திரும்ப அரைத்துக்கொள்ளலாம். அரைக்கிற ஆள் இப்போது கிடைப்பது கஷ்டம்.

2011ல் அரசாங்கம் பசுமை வீடு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, சூரிய சக்தியில் எரிகிற 5 விளக்கு. பசுமை என்கிற பேர் விளக்குக்கு வந்தது, சுவரும் தரையும் சிமெண்ட்தான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஓலைக் குடிசையில் ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நிஜமான வீடு.

இப்போது எல்லா இடத்திலும் டைல்ஸ். கடை எங்கள் பக்கத்து டவுனில் இருந்தாலும், பெரும்பாலான கல் குஜராத்தில் இருக்கிற மோர்பியில் இருந்து லாரியில் வருகிறது. 1200 டிகிரியில் சுட்டது. அங்கே ரொம்ப ஆலைகள் நிலக்கரியில் இருந்து வாயு எடுத்துத்தான் சுட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கழிவு அந்த ஊர்த் தண்ணியையும் காற்றையும் கெடுக்கிறது என்று 2019ல் பசுமைத் தீர்ப்பாயம் அதை மூடச் சொன்னது. போட்ட நாளில் டைல்ஸ் அழகுதான், துடைக்க லேசு. ஆனால் ஒரு கல் உடைந்தால் ரெண்டு வருஷம் கழித்து அதே கல் கடையில் இருக்காது. ஒன்றுக்காக அறை முழுக்கப் பெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர்த்ததைக் கண்மாய்க் கரையில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அது மக்காது, மாட்டுக் குளம்பைக் கிழிக்கிறது. மண் தரையைப் பெயர்த்தால் வயலில் போடலாம். வயசானவர்கள் டைல்ஸில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது எங்கள் ஊரிலேயே உண்டு.

நல்ல தரை எது என்று என்னைக் கேட்டால், ஏற்கனவே கிடக்கிற தரையைத்தான் முதலில் சொல்லுவேன். பட்டணத்தில் பழைய வீடு வாங்குகிறவர்கள் காவித் தரையையும் மொசைக்கையும் உடைத்துவிட்டு, அதுக்கு மேலே 'இயற்கைக் கல்' பதிக்கிறார்கள். ஒரு டன் சிமெண்ட் செய்ய அரை டன்னுக்கு மேலே கரியமில வாயு வெளியே போகிறது. அந்த வாயு 40 வருஷத்துக்கு முன்னாடியே போயாச்சு. இனி அந்தத் தரையை எத்தனை வருஷம் வைத்திருக்கிறோமோ அத்தனையும் லாபம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண், கதவு, நிலை எல்லாம் விற்கிறார்கள். இடித்த வீட்டுச் சாமான் வீணாகாமல் இன்னொரு வீட்டில் நிற்பது நல்லது. ஆனால் விலை ஏற ஏற, நிற்கிற வீட்டையும் பங்காளிகள் இடிக்கச் சம்மதிக்கிறார்கள். தூணைத் தடவிப் பார்க்கும்போது அது எங்கே நின்றது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புதுசாக மண் தரைதான் வேணும் என்கிறவர்களுக்கு ஒரு நடந்த விஷயம். போன வருஷம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தோட்டம் வாங்கின ஒரு சென்னைக்காரர், ரொம்ப நல்ல மனுஷன், மண் வீடு கட்டினார். தரை முழுக்கச் சாணி மெழுகணும், வாரம் ரெண்டு தடவை மெழுக ஆள் வேணும் என்றார். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அறுபது வயசுக்கு மேலே. கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, அந்த வீட்டு ஆளுக மெழுக மாட்டாகளா?" என்றது. அப்புறம் கூலி சொன்னது. ஒரு தடவைக்கு 400 ரூபாய், சாணியை அவுகளே கொண்டுவந்து வைத்துவிடணும். அவர் போனை எடுத்துக் கணக்குப் போட்டார். வருஷத்துக்கு 41,600. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். ஆனால் பேரம் பேசவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் திண்ணையும் முன்னறையும் மட்டும் மண், மிச்சம் காவித் தரை என்று முடிவானது. காவிக்கு வந்த கொத்தனார் எங்கள் வீட்டில் தரை போட்டவரோட மகன். சாணி என் தொழுவத்தில் இருந்து போகிறது, எங்கள் காளை ரெண்டும் வைக்கோல்தான் தின்கிறது. அக்கா வெள்ளிக்கிழமை மட்டும் வரும். செவ்வாய்க்கிழமை அவரே மெழுகுகிறார். முதல் செவ்வாய் வாசல்படியில் இருந்து ஆரம்பித்து உள்ளே மெழுகிக்கொண்டே போயிருக்கிறார். மூலைக்குப் போன பிறகுதான் வெளியே வர வழி இல்லை என்று தெரிந்திருக்கிறது. தரை காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணினார்.